பேயோட்டி தோற்றுப்போகும் படம்



ஆண்டுக்கொரு முறை உலக சினிமாவின் செவ்வியல் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு விரிவாகப் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் ஏற்பாடு. இந்த ஆண்டு நான் பேச எடுத்துக்கொண்டது வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கி, 1973 டிசம்பர் 26ஆம் தேதி அமெரிக்காவில் வெளியான 'தி எக்ஸார்சிஸ்ட்'. பேய்ப்படம் ஒன்றுக்கு இவ்வளவு மரியாதை தேவையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். தேவை என்பதுதான் என் உறுதியான எண்ணம். அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தில் பேயோட்டும் சடங்கு தோற்றுப்போகிறது. தலைப்புக்குரிய பேயோட்டி சடங்கு முடியுமுன்பே கட்டிலருகில் செத்துக் கிடக்கிறார். ஜெபப் புத்தகத்தாலும் தீர்த்தத்தாலும் அந்தச் சிறுமி குணமடையவில்லை. கழுத்து பின்னால் திரும்புவதையும் பச்சை வாந்தியையும் பற்றியே ஐம்பது ஆண்டுகளாகப் பேசி, படத்தின் இந்த மையத்தை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில் கிறிஸ் மேக்நீல் என்ற நடிகை வாடகை வீட்டில் தங்கியிருக்கிறாள். கணவன் உடன் இல்லை. 12 வயது மகள் ரீகன் திடீரென்று மாறத் தொடங்குகிறாள். கெட்ட வார்த்தை பேசுகிறாள், விருந்தினர்கள் முன்னால் தரையிலேயே சிறுநீர் கழிக்கிறாள், அவள் படுத்திருக்கும் கட்டில் குலுங்குகிறது. தாய் முதலில் ஓடுவது மருத்துவரிடம். அங்கே வழி அடைபட்ட பிறகுதான் ஏசு சபைப் பாதிரியார் டேமியன் காரஸிடம் வருகிறாள். கடைசியில் மூத்த பாதிரியார் மெரின் வரவழைக்கப்படுகிறார்.

கதையை எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை விட்டுப் போய்விட, வறுமையில் தாய்தான் வளர்த்தார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1949 ஆகஸ்டில், 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் ஒரு செய்தியைப் படித்தார். மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள் என்பது செய்தி. சடங்கின் பெரும்பகுதி செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. அதில் பங்கெடுத்த பாதிரியார் ஒருவர் நாட்குறிப்பும் எழுதி வைத்திருந்தார். இந்தச் செய்தி பிளாட்டியின் மனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. இடையில் அவர் பெரும்பாலும் எழுதியவை நகைச்சுவைத் திரைக்கதைகள். 1964இல் வந்த 'எ ஷாட் இன் தி டார்க்' அவற்றில் ஒன்று. 1971இல் நாவல் வெளிவந்தபோது, சிறுவனைச் சிறுமியாக்கி, ஊரையும் மாற்றியிருந்தார். அதே காலத்தில் தன் தாயைப் பற்றி ஒரு நினைவு நூலும் எழுதினார். அது 1973இல் வந்தது. அந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரஸின் தாயைப் பற்றிப் பேசும்போது அது நமக்கு வேண்டியிருக்கும்.

ஃப்ரீட்கின் சிகாகோக்காரர். தொலைக்காட்சியில் தொழில் கற்றவர், ஆவணப்படக்காரர். மரண தண்டனை உறுதியாகிவிட்ட ஒரு கைதியைப் பற்றி 1962இல் அவர் எடுத்த ஆவணப்படம்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1971இல் வந்த 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கினார். அதிலும் நியூயார்க் தெருக்களை ஆவணப்படம்போலத்தான் எடுத்திருந்தார். இப்படிப்பட்டவர் கையில் ஒரு பேய்க்கதை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் படம் சாட்சி. மின்னல் வெட்டாது, கதவு கிரீச்சிடாது, பாழடைந்த பங்களா கிடையாது. சமையலறையில் பகல் வெளிச்சம் விழுகிறது. தாய் தொலைபேசியில் கணவனைப் பிடிக்க முடியாமல் எரிச்சலில் திட்டுகிறாள். மாடியிலிருந்து ஏதோ சுரண்டும் சத்தம் கேட்க, எலியாக இருக்கும் என்று பொறி வைக்கச் சொல்கிறாள். நம் வீடுகளிலும் இப்படித்தானே செய்வோம்.

இந்தப் படத்திலேயே பார்க்க முடியாத காட்சி எது என்று என்னைக் கேட்டால், மருத்துவமனைக் காட்சியைத்தான் சொல்வேன். மூளை நரம்பில் ஏதேனும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, ரீகனின் மூளை ரத்தக் குழாய்களைப் படமெடுக்கிறார்கள். சிறுமியை மேசையில் கிடத்தி, தலை அசையாதபடி பட்டை போட்டுக் கட்டுகிறார்கள். கழுத்தில் மருந்து தடவித் துடைக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். பிறகு கழுத்துத் தமனியிலேயே நேராகப் பெரிய ஊசி இறங்குகிறது. ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீச்சியடிக்கிறது. உதவியாளர் பதற்றமே இல்லாமல் குழாயை இணைக்கிறார். அடுத்து எக்ஸ்ரே தகடுகளை மாற்றும் இயந்திரம் சம்மட்டியால் அடிப்பதுபோல் டமார் டமார் என்று இடிக்க, அந்தப் பிள்ளை துடித்துப்போகிறாள். கண்ணாடிக்கு அப்பால் பெரியவர்கள் அமைதியாக நிற்கிறார்கள். இதில் எந்தப் பேயும் இல்லை. அன்றைய மருத்துவ நடைமுறை அப்படியே இருக்கிறது. சி.டி. ஸ்கேன் கருவி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது 1971 அக்டோபரில்தான். படப்பிடிப்பு நடந்த காலத்தில் அது மருத்துவமனைகளில் பரவவில்லை. மூளைக்குள் பார்க்க அன்று இருந்த வழிகள் இப்படிக் கொடியவை. திரையரங்குகளில் பலர் மயங்கி விழுந்தது இந்தக் காட்சியில்தான் என்று அப்போதே சொன்னார்கள். நம்பக்கூடியதுதான்.

இந்தக் காட்சியை ஃப்ரீட்கின் ஏன் இவ்வளவு நேரம் காட்டுகிறார்? நம்புவதற்கு நாம் அவசரப்படக்கூடாது என்பதற்காக. தாய் ஒவ்வொரு வாசலாகத் தட்டுகிறாள். மூளையின் பக்கவாட்டு மடலில் புண் இருக்கலாம் என்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. மனநல மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள்; அவரும் தோற்கிறார். நீண்ட மேசையைச் சுற்றி மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில், 88 மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன் என்று அவள் வெடிக்கிறாள். பேயோட்டலாமே என்ற யோசனை முதன்முதலாக வருவது அந்த அறையில், ஒரு மருத்துவரின் வாயிலிருந்து. நோயாளி நம்பினால் அந்த நம்பிக்கையே குணமாக்கக்கூடும் என்ற கணக்கில், மருந்துபோல அதைச் சொல்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத தாய் அதைக் கேட்டு அதிர்ந்துபோகிறாள்.

அவள் தேடிப் போகும் பாதிரியாரோ மருத்துவர்களைவிடப் பெரிய சந்தேகக்காரர். டேமியன் காரஸ் பாதிரியார் மட்டுமல்லர். மனநல மருத்துவம் படித்தவர். தன் விசுவாசமே கழன்றுகொண்டிருக்கிறது என்று மேலதிகாரியிடம் சொல்லி, மாற்றல் கேட்டுக்கொண்டிருப்பவர். பேயோட்ட வேண்டும் என்கிற தாயிடம், மகளை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறார். ரீகனை அவர் சோதிக்கும் காட்சியைக் கவனியுங்கள். புட்டியில் புனித நீர் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி அவள்மேல் தெளிக்கிறார். அவள் சூடுபட்டவள்போல் முறுக்கிக்கொண்டு அலறுகிறாள். ஆனால் அது சாதாரணக் குழாய்த் தண்ணீர். உண்மையிலேயே பேய் பிடித்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்குமே என்று, அதைப் பேய்க்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார். அவள் பேசியதை ஒலிநாடாவில் பதிவு செய்து, மொழி வல்லுநரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்கிறார். அது ஆங்கிலத்தையே தலைகீழாகப் பேசியது என்று தெரியவருகிறது. ஒரு துப்பறிவாளரின் பொறுமை இது.

திருச்சபையின் விதியும் இதைத்தான் சொல்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1614இல் வெளியான ரோமானியச் சடங்கு நூல், பேயோட்டும் பாதிரியாருக்குத் தரும் முதல் கட்டளைகளில் ஒன்று, ஒருவருக்குப் பேய் பிடித்திருப்பதாக எளிதில் நம்பிவிடாதே என்பது. ஆயரின் அனுமதி இல்லாமல் சடங்கு கூடாது. 1999இல் அந்தப் பகுதியைத் திருத்தியபோது மருத்துவ ஆலோசனையின் தேவையையும் வலியுறுத்தினார்கள். காரஸ் அந்த விதியின்படி நடக்கும் மனிதர்.

இப்போது காரஸின் தாய்க்கு வருகிறேன். படத்தின் திறவுகோல் அந்தக் கிழவியிடம்தான் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்த வசிலிகி மலியாரோஸ் தொழில்முறை நடிகை அல்லர். நியூயார்க்கில் வாழ்ந்த கிரேக்க மூதாட்டி; படம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார். கதையில் அவள் நியூயார்க்கில் ஒரு பழைய குடியிருப்பில் தனியாக இருக்கிறாள், காலில் புண். மகன் வந்து கட்டுப்போட்டுவிட்டுப் போகிறான். ஊழியம் ஓரிடத்தில், தாய் இன்னோர் இடத்தில். பிறகு அவளுக்கு மனம் பிறழ்ந்துவிட, உறவினர் அவளை அரசு மனநல விடுதியில் சேர்த்துவிடுகிறார். தனியாருக்குப் பணம் கொடுக்க யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்கிறார். காரஸ் அந்த நீண்ட கூடத்தில் நடக்கிறார். அங்கிருக்கும் பெண்கள் அவருடைய கழுத்துப்பட்டையைக் கண்டு சூழ்ந்துகொண்டு பிடித்து இழுக்கிறார்கள். கட்டிலில் தாய் கட்டப்பட்டுக் கிடக்கிறாள். மகனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கொஞ்ச நாளில் அவள் தன் வீட்டில், யாரும் இல்லாமல் செத்துப்போகிறாள்.

படத்தில் இரண்டு கட்டில்கள் இருக்கின்றன. இரண்டிலும் வார் போட்டு மனிதரைக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் தாய், இன்னொன்றில் பிறர் பெற்ற மகள். முதல் கட்டிலருகே நிற்க முடியாமல் போனவர் இரண்டாவது கட்டிலருகே நிற்கிறார். சாத்தான் அவரை எதைக் கொண்டு அடிக்கிறது என்று பாருங்கள். சடங்கின் நடுவில் கட்டிலின்மேல் அவருடைய தாயாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவள் குரலில், ஏன் என்னை இப்படிச் செய்தாய் என்று கேட்கிறது. அதைத் தாங்க முடியாமல் அவர் நிலைகுலைய, மெரின் அவரை வெளியே அனுப்பிவிடுகிறார். தாயைத் தனியே விட்டுச் சாகவிட்ட மகனின் குற்றவுணர்வைவிடக் கூர்மையான ஆயுதம் எந்தப் பேயிடமும் கிடையாது. தாயால் வளர்க்கப்பட்ட பிளாட்டி இதைத் தன் ரத்தத்திலிருந்து எழுதியிருக்கிறார் என்றே நம்புகிறேன்.

மெரினாக நடித்த மாக்ஸ் வான் சைடோவுக்கு அப்போது 45 வயதுகூட நிரம்பவில்லை. ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் அவரை எழுபதைத் தாண்டிய முதியவராக்கினார். பலர் அது ஒப்பனை என்றே அறியவில்லை. மெரினை முதலில் பார்ப்பது இராக்கில், ஹத்ராவின் இடிபாடுகளில். சம்மட்டிச் சத்தம், தொழுகை அழைப்பு, தெருநாய்கள், வெயில். அவர் நடுங்கும் கையால் மாத்திரை எடுத்து விழுங்குகிறார்; இதயம் பலவீனம். சடங்கில் அவர் சாகப்போவது அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அங்கே அவர் எதிரில் நிற்கும் சிறகு முளைத்த சிலை பசுசு. பழைய மெசபடோமியாவில் பசுசு கொடிய காற்றின் பூதம்; ஆனால் கருவுற்ற பெண்களையும் பச்சைக் குழந்தைகளையும் கொல்லும் லமஷ்டு என்ற இன்னொரு பேயை விரட்ட, இதே பசுசுவின் உருவத்தைத்தான் தாய்மார்கள் வீட்டிலும் கழுத்திலும் மாட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளின் காவலனாக இருந்ததைப் படம் பிள்ளையைப் பிடிக்கும் பேயாக்கிவிட்டது. அந்தப் பழைய நாகரிகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே இதைச் சொல்வேன்.

படத்தின் ஒலியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பத்துப் பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம் இது. சிறந்த படத்துக்கான பரிந்துரையைப் பெற்ற முதல் திகில் படமும் இதுதான். கிடைத்தவை இரண்டு: பிளாட்டியின் திரைக்கதைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. லாலோ ஷிஃப்ரின் எழுதிய பின்னணி இசையை ஃப்ரீட்கின் ஒதுக்கித் தள்ளிவிட்டார். இன்று படத்தின் அடையாளமாகிவிட்ட மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' படத்தில் கொஞ்ச நேரமே ஒலிக்கிறது. மீதி இடங்களில் பெரும்பாலும் மௌனமும் மூச்சும்தான். ரீகனின் கழுத்து திரும்பும் சத்தம், ஒரு பழைய தோல் பணப்பையை ஒலிவாங்கி அருகே முறுக்கி எடுத்தது.

பேயின் குரல் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. 1949இல் வந்த 'ஆல் தி கிங்ஸ் மென்' படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். பேய்க்குக் குரல் கொடுக்கும்போது அவருக்கு வயது ஐம்பதுகளின் நடுவைத் தாண்டியிருந்தது. பச்சை முட்டையை விழுங்கி, இடைவிடாமல் புகைத்து, நாற்காலியில் தன்னைக் கட்டிப்போடச் சொல்லி அந்தக் குரலை வரவழைத்தார். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர், இந்தக் குரலுக்காக மறுபடி மதுவைத் தொட்டார். அதற்குத் துணையாகப் பாதிரியார்களை அருகில் வைத்துக்கொண்டார். ஆனால் படம் வெளியானபோது பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் போராடிய பிறகே சேர்த்தார்கள். உலகம் நடுங்கிய அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியின் பெயரை மறைத்தது பெரிய தவறு.

தவறு அது ஒன்றோடு நிற்கவில்லை. ரீகனின் படுக்கையறையை நியூயார்க்கில் செட் போட்டுக் குளிரூட்டி, உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனார்கள். பேசும்போது வாயிலிருந்து புகை வர வேண்டுமே! விளக்குகளின் சூட்டில் குளிர் குறைந்தால், படப்பிடிப்பை நிறுத்திவிட்டு மறுபடி குளிரவைப்பார்கள். குழுவினர் பனிக்கால உடையில் இருக்க, 13 வயது லிண்டா பிளேர் இரவு உடையில் கட்டிலில் கிடந்தார். கட்டிலில் தூக்கிப் போடும் கருவியால் அவருக்கு முதுகில் காயம் ஏற்பட்டது. தாயாக நடித்த எலன் பர்ஸ்டினைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்த வேகத்தில் அவருக்கு முதுகுத்தண்டின் அடியில் அடிபட்டது; அவருடைய உண்மையான அலறலே படத்தில் இருக்கிறது. நடிகர்களைத் திடுக்கிட வைக்கத் தளத்தில் துப்பாக்கி வெடித்தவர் ஃப்ரீட்கின். மேதைமைக்கு இது விலை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. சிறுமியின் வேதனையைப் பற்றிய படத்தை எடுக்க ஒரு சிறுமியை வேதனைப்படுத்த வேண்டியதில்லை.

முடிவுக்கு வருவோம். மெரின் செத்துக் கிடக்கிறார். திரும்பி வந்த காரஸ் அவருடைய நெஞ்சை அழுத்திப் பார்க்கிறார், உயிர் வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் ரீகனின் உருவில் பேய் சிரிக்கிறது. அப்போது காரஸ் ஜெபப் புத்தகத்தைத் தேடவில்லை. அவளைப் பிடித்துக் கீழே தள்ளி அடிக்கிறார். என்னைப் பிடி, என்னிடம் வா என்று கத்துகிறார். அது வருகிறது. தன் கைகள் அவள் கழுத்தை நோக்கிப் போவதை உணர்ந்த கணத்தில், சன்னலை உடைத்துக்கொண்டு குதிக்கிறார். வீட்டை ஒட்டி இறங்கும் 75 படிகளில் உருண்டு, தெருவில் விழுந்து சாகிறார். அந்தப் படிகள் இன்றும் ஜார்ஜ்டவுனில் இருக்கின்றன. 2015இல் நகர நிர்வாகம் அங்கே நினைவுப் பலகை வைத்தது.

நிறையப் பேர் இந்த முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டு, சாத்தான் ஜெயித்துவிட்டது என்று நினைத்தார்கள். பிளாட்டி இதனால் மிகவும் வருந்தினார். அவர் எழுதியது ஒருவன் இன்னொரு உயிருக்காகத் தன்னைக் கொடுத்ததை. சடங்கின் நடுவே, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும்போது, ஏன் இந்தச் சிறுமி என்று காரஸ் கேட்க, நம்மை நாமே இழிவான மிருகமாக நினைத்து நம்பிக்கை இழக்க வைப்பதே அதன் நோக்கம் என்று மெரின் விடை சொல்லும் ஓர் உரையாடலை எழுதியிருந்தார். ஃப்ரீட்கின் அதை வெட்டிவிட்டார். இருவருக்கும் நெடுநாள் மனத்தாங்கல். 2000இல் வந்த நீண்ட பதிப்பில் நண்பருக்காக அதைச் சேர்த்தார்; இறுதியில் ஒரு நட்பு உரையாடலையும் ஒட்டினார். என் கணிப்பில் 1973 பதிப்பே உயர்ந்தது. படியில் இரு மனிதர்கள் களைத்து, பேசாமல் உட்கார்ந்திருப்பதே அந்த விடையைச் சொல்லிவிடுகிறது. 2000 பதிப்பில் நான் வைத்துக்கொள்ள விரும்புவது ஒன்றுதான்: ரீகனை மருத்துவர் முதன்முதலாகப் பரிசோதிக்கும் காட்சி.

முதலில் மருத்துவம், பிறகே சடங்கு என்று படம் சொன்ன வரிசையை வாழ்க்கை பின்பற்றவில்லை. ஜெர்மனியின் பவேரியாவில் 23 வயது மாணவி ஒருவர், வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர், 1976 ஜூலை 1ஆம் தேதி பட்டினியால் இறந்தார். சுமார் பத்து மாதங்களில் அவருக்கு 67 முறை பேயோட்டும் சடங்கு நடத்தியிருந்தார்கள். ஆயர் அனுமதி கொடுத்திருந்தார். கடைசி மாதங்களில் மருத்துவர் யாரும் அழைக்கப்படவில்லை. 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரண்டு பாதிரியார்களையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் இறந்தார்கள். பேய் விலகும், நோய் தீரும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். கட்டப்பட்ட கட்டில்களைப் பற்றிப் பேசிவிட்டு அவர்களைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை 122 நிமிட மூலப் பதிப்பிலேயே பாருங்கள். கைப்பேசியில் வேண்டாம், நல்ல ஒலி உள்ள அரங்கில், இருட்டில் பாருங்கள். மெரின் வீட்டு வாசலில் வந்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி கடைசி அரைமணி நேரத்தில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தை, சடங்கு தொடங்காத அந்தப் பகுதியை, பொறுமையோடு பாருங்கள். உங்களில் யாரேனும் நாளை பேய்ப்படம் எடுப்பதாக இருந்தால், அந்த ஒன்றரை மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள்.